மிதி, பிடி, விடு

என் அக்காவுக்கு மூக்கின் மேல் கோபம் என்று உறவில் எல்லோரும் சொல்வார்கள். அவர்கள் அவளைச் சரியாகப் பார்த்ததில்லை. மூக்கின் மேல் இருந்தால் ஒரு தும்மலில் போயிருக்கும். அவளுக்குக் கோபம் காலில் இருக்கிறது. அவள் சமையலறையிலிருந்து கூடத்துக்கு நடந்தால் அலமாரியில் இருக்கிற டம்ளர்கள் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும். வேலை செய்யும் இடத்தில் அவளுக்குக் ‘கடுகு’ என்று பெயர். ஆள் சிறுத்தவள், காரம் சிறுக்காதவள். பெயர் வைத்தவர்கள் யாரும் அதை அவள் காதில் விழும்படி சொன்னதில்லை.

நான் அவள் தங்கை. அவள் வீட்டு மாடியில்தான் குடியிருக்கிறேன். வீட்டுச் சாமான் விற்கிற கம்பெனி ஒன்றில், புகார் சொல்லக் கூப்பிடுகிறவர்களுக்குப் போனில் பதில் சொல்வது என் வேலை. ஊரார் திட்டையெல்லாம் இரண்டு காதிலும் வாங்கிக்கொண்டு, “விடுங்க, நாங்க பாத்துக்கிறோம்” என்று சொல்லிச் சொல்லி அந்த வார்த்தை எனக்கு இருமல் மாதிரி ஆகிவிட்டது. கேட்காமலே வரும். இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன், ஏனென்றால் பிற்பாடு பழி என் மேல்தான் விழுந்தது.

ஆஸ்பத்திரிகளுக்கும் ஓட்டல்களுக்கும் துணி வெளுத்துக் கொடுக்கிற பெரிய சலவைக்கூடத்தில் மெஷின்களைப் பார்த்துக்கொள்கிறவள் அக்கா. அங்கே படுக்கை விரிப்புகளை உள்ளே இழுத்து இஸ்திரி போடுகிற சூடான உருளை ஒன்று உண்டு. அதன் வாயில் கை போகாமல் தடுக்கிற கம்பி ஒரு நாள் கழன்றுவிட்டது. அக்கா மேலாளரிடம் போய்ச் சொன்னாள். “சரி விடு, பாத்துக்கலாம்” என்றார். மறுபடி போய்ச் சொன்னாள். “உனக்கு வேற வேலையே இல்லையா, விடும்மா” என்றார். இன்னொரு தடவை சொல்ல அவள் படி ஏறிக்கொண்டிருந்தபோதே கீழே அவள் கூட்டாளியின் கை உள்ளே போய்விட்டது. அக்கா திரும்பி ஓடிவந்து மெஷினை நிறுத்தினாள். போன விரல்கள் போனதுதான். அன்று மேலாளர் அறையில் அவள் போட்ட சத்தத்துக்காக அவளை அழுக்குத் துணி பிரிக்கிற இடத்துக்கு மாற்றினார்கள். பிறகு மெஷின்கள் ஒவ்வொன்றாக மக்கர் பண்ணவும், ஒன்றும் நடக்காத மாதிரி அவளையே திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள். அன்றிலிருந்து யாராவது அவளிடம் ‘விடு’ என்றால் அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும். வெடிக்கட்டும் என்றுதான் நானும் சொல்வேன்.

அப்படிப்பட்டவளுக்கு வாய்த்தவர், வாயைத் திறந்தால் ‘விடு’ என்கிற மனிதர். அத்தான் நல்லவர். இதைச் சொல்லாவிட்டால் என்னைப் பொல்லாதவள் என்பீர்கள். குடி கிடையாது, கை நீட்டுவது கிடையாது, யாரிடமும் சண்டைக்குப் போனது கிடையாது. சண்டை வந்தால் கழுவுகிற மீனில் நழுவுகிற மீனாக நழுவிவிடுவார். அவர் நழுவுகிற பொந்துக்குப் பெயர்தான் ‘சரி விடு’. குழாய் ஒழுகினால் சரி விடு. மழைத் தண்ணீர் கட்டிலுக்கடியில் வந்தால் சரி விடு. அக்கா தானே ஏணி போட்டு ஏறி ஓட்டை அடைத்தால், “இதுக்குப் போய் இவ்வளவு கோபமா” என்பார்.

அவருக்குத் தொழில் போட்டோ ஸ்டுடியோ. பாஸ்போர்ட் படம், பள்ளிக்கூடப் படம், வேலைக்கு மனுப் போடுகிறவர்களின் படம். கேமராவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, “முகத்தைக் கொஞ்சம் இடது பக்கம் திருப்புங்க” என்பார். அவருடைய இடது. எதிரே உட்கார்ந்திருக்கிறவர் தன் இடது பக்கம் திரும்புவார், அதாவது தப்பான பக்கம். “இடதுன்னா இடது தெரியாதா?” என்று அத்தான் சிரிப்பார். சாப்பிடும்போது எங்களிடமும் சொல்லிச் சிரிப்பார், “ஜனங்களுக்கு இடது வலதே தெரியலம்மா.”

“நீங்க எதிர்ல நிக்கிறீங்க. அவங்களுக்கு அது வலது” என்று அக்கா எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள்.

“சரி விடு” என்பார் அத்தான்.

பிள்ளைகள் இருவரும் வேலைக்கு வெளியூர் போன பிறகு அக்கா ஒரு கார் வாங்கினாள். சாதாரணக் கார் இல்லை. இரண்டு பேர் மட்டும் உட்காரலாம், தரையோடு தரையாகத் தவழும், பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். ஒரு டாக்டர் வைத்திருந்தது. இடுப்புப் பிடித்து அவரால் அதில் குனிந்து ஏற முடியாமல் போய், சலவைக்கூடத்துக்கு எதிர்வீட்டில் உறை போட்டுக் கிடந்தது. போகும்போதும் வரும்போதும் அந்த உறையைப் பார்த்துப் பார்த்து, கடைசியில் கதவைத் தட்டிக் கேட்டுவிட்டாள். இந்த வயதில் இது என்ன கூத்து என்று உறவில் பேசினார்கள். யாராவது வீட்டுக்கு வந்தால் காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு அத்தானிடம்தான் கேட்பார்கள், “எவ்வளவு வேகம் போகும் சார்?” அத்தானும் பதில் சொல்வார். அந்தக் காரை அவர் ஒரு தடவைகூட ஓட்டினதில்லை. பக்கத்து சீட்டில் உட்கார்ந்ததுகூட இல்லை, முழங்கால் வலிக்கும் என்பார். இதற்கு அக்காவைவிட எனக்குத்தான் அதிகம் எரியும்.

“அதுல உக்காந்தா என்கிட்ட யாரும் எதையும் விடச் சொல்றதில்லடி” என்று ஒரு நாள் சொன்னாள். அவ்வளவுதான் அவள் காரைப் பற்றிச் சொன்ன காரணம்.

ஊருக்கு வெளியே பந்தயத் தடம் ஒன்று இருக்கிறது. சில ஞாயிற்றுக்கிழமைகளில் யார் வேண்டுமானாலும் தங்கள் காரைக் கொண்டுபோய் ஓட்டலாம். அக்கா போவாள். போன முறை நீளமான நேர்ப்பாதையின் கடைசி வளைவில் பிரேக்கை மிதித்தாள், பெடல் காலோடு சேர்ந்து தரை வரைக்கும் போய்விட்டது. ஓயாமல் மிதித்ததில் பிரேக் ஆயில் கொதித்து ஆவியாகி, காலின் அழுத்தம் சக்கரத்துக்குப் போய்ச் சேரவில்லை. கார் வளையாமல் நேரே மணல் குழியில் பாய்ந்து நின்றது. வீட்டுக்கு வந்து கூடத்தின் நடுவில் நின்று ஷூவைக் கழற்றி மணலைத் தரையில் கொட்டினாள். அத்தான் அந்த மணலைப் பார்த்தார்.

“சரி விடு. உயிரோட வந்துட்டியே” என்றார்.

அவள் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, அடுத்த வாரம் அவராகவே ஒன்று சொன்னார். முன் சக்கரங்களுக்குப் பெரிய டிஸ்க், பெரிய காலிப்பர், கொதிக்காத ஆயில், எல்லாம் வாங்கித் தானே மாட்டித் தருகிறேன் என்றார். காலிப்பர் என்பது டிஸ்க்கை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கிற இரும்புப் பிடி. “நாலு போல்ட்டு. இதுக்கு எதுக்கு மெக்கானிக்? வீடியோ எல்லாம் பாத்துட்டேன்.” நான் அக்கா முகத்தைப் பார்த்தேன். வேண்டாம் என்பாள் என்று நினைத்தேன். அவளோ மலர்ந்துபோய் நின்றாள். அந்தக் காருக்காக அவர் ஒரு துணி எடுத்துத் துடைத்ததில்லை. இப்போது தானே முன்வந்து கேட்கிறார். அன்று அவள் நடந்தபோது டம்ளர்கள் சும்மா இருந்தன. பின்னால் நடந்ததை நினைக்கும்போது எனக்கு வயிறு எரிவது அந்த மலர்ந்த முகத்தை நினைத்துத்தான்.

வேலை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆரம்பித்தது. கார் நிறுத்துகிற இடம் வீட்டோடு ஒட்டிய நீளமான ஒடுக்கமான கொட்டகை. ஒரு பக்கம் பழைய மிதிவண்டி, இன்னொரு பக்கம் அத்தானின் ஸ்டுடியோவில் உடைந்துபோன விளக்குக் குடைகள். காரை ஜாக்கி போட்டுத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தினார்கள். அத்தான் பழைய காலிப்பர்களைக் கழற்றி மூலையில் போட்டார். புதியவை பெட்டியில் வந்திருந்தன. ஒன்றில் ‘இடது’, ஒன்றில் ‘வலது’ என்று சின்ன ஒட்டுச்சீட்டு. அவற்றை நன்றாகத்தான் முறுக்கி மாட்டினார், அதில் குறை சொல்ல மாட்டேன். மதியத்துக்குள் சக்கரத்துக்குள்ளே புதுக் காலிப்பர்கள் பளபளவென்று உட்கார்ந்திருந்தன. அக்கா குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டாள்.

இனி மிச்சம், குழாய்க்குள் போன காற்றை வெளியே எடுப்பது. பிரேக் பெடலிலிருந்து சக்கரம் வரைக்கும் குழாய் நிறைய ஆயில் இருக்க வேண்டும். நடுவில் காற்று இருந்தால் மிதிக்கிற வேகமெல்லாம் அந்தக் காற்றை நசுக்குவதிலேயே போய்விடும், சக்கரம் நிற்காது. காலிப்பரில் நிப்பிள் என்று ஒரு சின்ன மூக்கு இருக்கும். ஒருவர் பெடலை மிதித்துப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் அந்த நிப்பிளைத் திறக்க, காற்றும் ஆயிலும் டியூப் வழியாகப் பாட்டிலில் இறங்கும். நிப்பிளை மூடிய பிறகுதான் பெடலை விட வேண்டும். மூடுவதற்கு முன்னே விட்டால், வெளியே போன காற்றை அதுவே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும்.

“மூணே வார்த்தை” என்றார் அத்தான் தரையில் படுத்துக்கொண்டு. “மிதின்னா மிதி. பிடின்னா பிடிச்சுக்க. விடுன்னா விடு. உனக்குக் கஷ்டம் அந்த மூணாவதுதான்.”

அக்கா அந்த நகைச்சுவைக்குச் சிரிக்கவில்லை. சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். நான் முன்பக்கம் நின்று ஆயில் குப்பியைப் பார்த்துக்கொள்ள வேண்டும், குறைந்தால் ஊற்ற வேண்டும்.

மிதி. பிடி. விடு. மிதி. பிடி. விடு. கொஞ்ச நேரம் நன்றாகத்தான் போனது. டியூபில் குமிழி குமிழியாகக் காற்று போனது. அத்தானுக்கு உற்சாகம் வந்துவிட்டது. உற்சாகம் வந்தால் அவருக்கு அறிவுரையும் வரும்.

“பிடி” என்று சொல்லி நிப்பிளைத் திறந்துகொண்டே, “இவ்வளவு வேகமா மிதிக்காத. பக்குவமா மிதிக்கணும். உங்க சலவைக்கூடத்து மெஷின் இல்ல இது” என்றார்.

“சலவைக்கூடத்து மெஷினப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?” என்றாள் அக்கா.

“மெதுவான்னுதானே சொன்னேன்.”

“என் மெஷின்ல மிதிக்கிற பெடலே கிடையாது. எத்தனை வருஷமா நான் என்ன வேலை பாக்கிறேன்னே தெரியாதா உங்களுக்கு?”

குரல் ஏறிவிட்டது. எனக்கு அந்த இருமல் வந்துவிட்டது.

“விடுக்கா” என்றேன்.

அவள் விட்டுவிட்டாள். சண்டையை இல்லை, பெடலை. கீழே டியூப் கொடகொடவென்று சத்தம் போட்டு, பாட்டிலில் இருந்ததையும் காற்றையும் உள்ளே இழுத்துக்கொண்டது. அத்தான் கீழேயிருந்து, “யாரு விடச் சொன்னது?” என்று கத்தினார்.

“அவதான் சொன்னா.”

“நான் பேச்சை விடச் சொன்னேன்க்கா.”

“என் கால் பெடல்ல இருக்கும்போது என்கிட்ட எதுக்குடி அந்த வார்த்தையைச் சொல்ற?”

இந்த உலகத்தில் வேறு எந்தக் குடும்பத்திலாவது ஒரு வார்த்தைக்குப் பிரேக்கில் காற்று புகுந்திருக்குமா என்று தெரியவில்லை. எங்கள் வீட்டில் புகுந்தது. கொட்டகைக்குள் அந்த வார்த்தைக்குத் தடை போட்டோம். இனி மூன்றாவது வார்த்தை ‘எடு’. காலை எடு. அதற்குள் அத்தான் கைப்பதற்றத்தில் ஆயிலை மட்கார்டில் சிந்திவிட்டார். பிரேக் ஆயில் பெயிண்டைத் தின்றுவிடும். அக்கா பாய்ந்து போய் வாளித் தண்ணீரை ஊற்றினாள். அத்தான் மீதும் கொஞ்சம் விழுந்தது.

முதலிலிருந்து இரண்டு முன்சக்கரத்திலும் மறுபடி செய்தோம். இந்தத் தடவை யாரும் பேசவில்லை. டியூபில் கடைசியில் குமிழியே இல்லை, ஆயில் மட்டும் தெளிவாக வந்தது. அத்தான் நிப்பிளை முறுக்கி மூடிவிட்டு எழுந்தார். அக்கா மிதித்துப் பார்த்தாள். பெடல் ஈரத்துணி மூட்டையில் கால் வைத்த மாதிரி உள்ளே போனது.

“இன்னும் காத்து இருக்கு.”

“டியூப்ல ஒண்ணும் வரலையே. நீ அப்ப விட்டியே, அதுல போனது எங்கேயோ மாட்டிக்கிச்சு. உன் காலாலதான் வந்தது.”

மறுபடி செய்தோம். மறுபடி ஆயில் தெளிவாக வந்தது, மறுபடி பெடல் பஞ்சாக இருந்தது. மறுபடி அக்காவின் கால்தான் காரணம். அவள் முன்னாலேயே எடுத்துவிடுகிறாளாம், முழுசாக மிதிப்பதில்லையாம், கோபத்தில் மிதித்தால் இப்படித்தானாம். ஆடத் தெரியாதவன் கூடம் கோணல் என்றானாம். என்னையும் சும்மா விடவில்லை. “நீ வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருந்திருந்தா காலையிலயே முடிஞ்சிருக்கும்” என்றார் என்னைப் பார்த்து. நான் பதில் சொல்லியிருப்பேன். அக்காவின் காலைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன். அவள் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தாள். பாதம் சிவந்திருந்தது. எல்லாவற்றுக்கும் கத்துகிறவள், அந்தப் பழியை மட்டும் கத்தாமல் வாங்கிக்கொண்டிருந்தாள். ஒருவேளை தன் கால்தானோ என்று அவளே நினைக்க ஆரம்பித்துவிட்டாள். அதைப் பார்த்தபோது எனக்கு அத்தானின் கழுத்தைப் பிடிக்கலாம் போல இருந்தது.

பொழுது சாய்வதற்குள் அத்தானுக்கு இடுப்பு நொந்துவிட்டது. சக்கரங்களை மாட்டினார், காரை இறக்கினார், கையைத் துடைத்துக்கொண்டார்.

“அவ்வளவுதான். புதுசு இல்லையா, ஓட ஓட சரியாயிடும். ஒரு சுத்து போயிட்டு வா.”

வெளிக்கதவைத் திறந்து வைத்தார். எங்கள் தெரு எப்படிப்பட்டது என்று இங்கே சொல்ல வேண்டும். வீட்டு வாசலிலிருந்து தெரு சரிவாக இறங்கும். இறங்கி முடிகிற இடத்தில் பெரிய ரோடு குறுக்கே போகிறது. லாரிகள் அங்கே வேகத்தைக் குறைப்பதில்லை. வெறும் மிதிவண்டியில் இறங்குகிறவர்கள்கூட பாதியிலேயே குதித்துத் தள்ளிக்கொண்டு போவார்கள்.

அக்கா சாவியைத் திருப்பினாள். எஞ்சின் உறுமியது. ஒரு தடவை மிதித்தாள். இன்னொரு தடவை மிதித்தாள். சாவியைத் திருப்பி அணைத்துவிட்டாள்.

“இது நிக்காது.”

“நிக்கும்மா. கொஞ்சம் பஞ்சு மாதிரி இருக்கும், அவ்வளவுதான்.”

“நிக்காது.”

“காலையிலேர்ந்து தரையில படுத்துச் செஞ்சிருக்கேன். என் மேல அவ்வளவுகூட நம்பிக்கை இல்லையா உனக்கு?”

இதுதான் எனக்குப் பொறுக்காதது. பிரேக்கைப் பற்றிக் கேட்டால் பிரேக்கைப் பற்றிப் பேச வேண்டும். நம்பிக்கை எங்கேயிருந்து வந்தது நடுவில்? இறங்கிப் போகப்போகிறவள் அவள். அந்த ரோட்டில் நிற்காமல் போனால் போகப்போவது அவள் உயிர். ஆனால் அத்தானின் முகம் வாடினால் அதுதான் அந்த வீட்டில் பெரிய விபத்து. அவளும் ஒரு கணம் தயங்கினாள், நான் பார்த்தேன். கை சாவிக்குப் போனது. அவர் ஆசையாகச் செய்தது, வேண்டாம் என்றால் இனி அந்தக் காரின் பக்கமே வரமாட்டார். அது அவளுக்குத் தெரியும்.

“சரி விடு” என்றார் அத்தான், பெருந்தன்மையாக. “பயமா இருந்தா மெதுவா போ.”

கதவைத் திறந்துகொண்டு அக்கா வெளியே வந்தாள். கொட்டகையில் தொங்கிய விளக்குக் குடை ஆடியது.

“அந்த உருளையையும் விடுன்னுதான் சொன்னாங்க” என்றாள். சத்தமே இல்லாமல் சொன்னாள். அவள் சத்தமில்லாமல் பேசி நான் அதுவரை கேட்டதில்லை. “நான் சொன்னேன், விடுன்னாங்க. சொன்னேன், விடுன்னாங்க. கை போச்சு. என் கை இல்ல, அதனால அவங்களுக்கு அது பெருசா தெரியல, உங்களுக்கும் தெரியல. ஏறுங்க.”

“எங்க?”

“சீட்டுல. நீங்க மிதிங்க. நான் கீழ படுக்கிறேன்.”

“அதெல்லாம் உனக்கு...”

“ஏறுங்க.”

ஜாக்கியை அவளே தள்ளிக்கொண்டு வந்தாள். அவளே தூக்கினாள், ஸ்டாண்டு வைத்தாள், சக்கரத்தைக் கழற்றினாள். அத்தான் முழங்காலை மடக்கி மடக்கி ஒரு வழியாக அந்தச் சீட்டுக்குள் போனார். ஸ்டியரிங் வயிற்றில் முட்டியது. அக்கா தரையில் படுத்துக்கொண்டு, “மிதிங்க” என்றாள். “பிடிங்க.” நிப்பிளைத் திறந்தாள், மூடினாள். “எடுங்க.” நான் ஆயில் ஊற்றினேன். இரண்டு பக்கமும் திரும்பத் திரும்பச் செய்தாள்.

“இப்ப மிதிச்சுப் பாருங்க.”

மிதித்தார். மறுபடி மிதித்தார்.

“எப்படி இருக்கு?”

“அப்படியேதான் இருக்கு.”

“இது யாரு காலு?” என்றாள் கீழேயிருந்து.

அத்தான் குனிந்து தன் காலைப் பார்த்தார். அவள் எழுந்திருக்கவில்லை. டார்ச்சைக் கேட்டாள், கொடுத்தேன். முதுகைத் தேய்த்துக்கொண்டே பின்சக்கரத்துக்கு நகர்ந்து போனாள். அங்கே பழைய காலிப்பர்தான், அதை யாரும் தொடவில்லை. பார்த்தாள். திரும்ப முன்சக்கரத்துக்கு வந்தாள். மூலையில் கிடந்த பழைய முன் காலிப்பரை எடுத்து வரச் சொல்லி அதையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு எழுந்து உட்கார்ந்தாள். தலைமுடியெல்லாம் ஆயில்.

“தண்ணிக்குள்ள காத்து மேல போகுமா, கீழ போகுமா?”

“மேல” என்றார் அத்தான்.

“பின்னாடி நிப்பிள் மேல இருக்கு. பழசுலயும் மேல இருக்கு. நீங்க மாட்டினதுல மட்டும் ஏன் கீழ இருக்கு?”

அத்தான் இறங்கி வந்து குனிந்து பார்த்தார். நானும் பார்த்தேன். காலையிலிருந்து நாங்கள் மூவரும் அந்த மூக்கைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். அது தரையைப் பார்த்துத் தொங்கிக்கொண்டிருந்தது. கீழேயிருந்து ஆயில் தெளிவாக வந்துகொண்டே இருக்கும், காற்று மேலே ஏறி ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கும். வருஷக் கணக்கில் மிதித்தாலும் வராது. இடதில் மாட்ட வேண்டியது வலதில் இருந்தது, வலதில் மாட்ட வேண்டியது இடதில்.

“பெட்டியில எழுதியிருந்தபடிதான் மாட்டினேன்” என்றார். “இடதுன்னு போட்டதை இடது பக்கம்தான்...”

“எங்க நின்னு பாத்தீங்க?”

அவர் காரின் முன்னால் போய் நின்றார். ஸ்டுடியோவில் கேமராவுக்குப் பின்னால் நிற்கிற மாதிரியே, காரை எதிரே வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார். இடது கையைத் தூக்கி, “இது இடது” என்று காட்டினார். தூக்கிய கை அப்படியே நின்றுவிட்டது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அக்காவுக்கும் வரவில்லை.

“உள்ள உக்காந்திருக்கிறவளுக்குத்தான் இடது” என்றாள். “எதிர்ல நிக்கிறவருக்கு இல்ல. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து எதிர்ல நின்னே இடது வலது சொல்லிட்டிருக்கீங்க. ஒரு நாளாவது என் பக்கத்துல வந்து உக்காந்து பாத்திருக்கீங்களா?”

அத்தான் கையை இறக்கினார்.

“சரி, விடு, இப்ப என்ன, மாத்தி மாட்டிட்டா...”

ஸ்பேனர் பறந்தது. அவர் மேல் இல்லை, அப்படி எறிகிறவள் இல்லை அவள். விளக்குக் குடையில் போய் விழுந்தது.

“விட்டிருந்தா இந்நேரம் நான் கீழ் ரோட்டுல லாரிக்கு அடியில கிடப்பேன். அப்பவும் வந்து பாத்துட்டு, அவ காலு சரியில்லன்னுதான் சொல்லியிருப்பீங்க.”

அந்த மனிதர் அப்போதுதான் முதல் தடவையாகத் தெருவைப் பார்த்தார். திறந்து வைத்த வெளிக்கதவு வழியாகச் சரிவு முழுக்கத் தெரிந்தது. கீழே ஒரு லாரி போனது, பின்னாலேயே இன்னொன்று. அத்தான் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். தாழ்ப்பாளை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும், வரவில்லை.

அவர் இரண்டு காலிப்பரையும் கழற்றி மாற்றி மாட்டினார். அக்கா மேலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு போல்ட்டையும் அவர் முறுக்கிய பிறகு அவள் ஒரு தடவை முறுக்கிப் பார்த்தாள். அவரே ஸ்பேனரை நீட்டினார். பிறகு அவள் சீட்டில் ஏறினாள், அவர் படுத்தார். மிதி. பிடி. எடு. காலையிலிருந்து வராத காற்று இப்போது கோழி முட்டை கோழி முட்டையாக வந்தது. அது நின்று ஆயில் மட்டும் வர ஆரம்பித்த பிறகு அக்கா மிதித்தாள். பெடல் கொஞ்சம் இறங்கிக் கல் மாதிரி நின்றது. அவள் வெறுங்காலால் மறுபடி மறுபடி அதை மிதித்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். தன் காலில் தப்பில்லை என்று அந்தக் காலுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

சக்கரம் மாட்டிக் காரை இறக்கியதும் அக்கா பக்கத்து சீட்டின் கதவைத் திறந்துவிட்டாள்.

“ஏறுங்க.”

“முழங்கால்...” என்று ஆரம்பித்த அத்தான் அதோடு நிறுத்திக்கொண்டு ஏறினார்.

இரண்டு பேருக்குத்தான் இடம் என்பதால் நான் வாசலில் நின்றேன். கார் வெளியே வந்தது. மேட்டிலேயே மெதுவாகப் போய் நிறுத்தினாள், போய் நிறுத்தினாள். புதுப் பிரேக்கைப் பழக்குகிறாள். ஒவ்வொரு தடவையும் பின்னால் சிவப்பு விளக்கு எரிந்து அணைந்தது. பிறகு சரிவில் இறங்கவிட்டாள். வேகம் ஏறியது. நான் கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். பெரிய ரோடு நெருங்க நெருங்கச் சிவப்பு விளக்கு எரியவில்லை. எரியவில்லை. எரிந்தது. கார் மூக்கைத் தாழ்த்திக்கொண்டு, ரோட்டுக்கு வெகு முன்னால், ஆணி அடித்த மாதிரி நின்றது. குறுக்கே ஒரு லாரி போனது.

நின்றது நின்றபடி இருந்தது. பின்னால் வந்த ஒரு வேன் ஒலி எழுப்பியது. சிவப்பு விளக்கு அணையவில்லை. அந்த வேன் ஒதுங்கிப் போன பிறகும் அணையவில்லை. எனக்குப் பயம் வந்துவிட்டது, இறங்கிப் போய்ப் பார்க்கலாமா என்று இரண்டடி வைத்தேன்.

உள்ளே என்ன நடந்தது என்று அக்கா பிறகு சொன்னாள். அத்தான் இரண்டு கையாலும் டாஷ்போர்டைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வந்ததும், “போதும், விடு” என்றாராம். அவள் காலை எடுக்கவில்லையாம்.

“எதை?” என்று கேட்டாளாம்.

அவர் எதிரே ரோட்டைப் பார்த்தாராம். லாரிகள் போய்க்கொண்டிருந்தனவாம்.

“பிரேக்கை” என்றாராம். பிறகு அவரே, “பிரேக்கை மட்டும்” என்றாராம்.

அப்போதுதான் விளக்கு அணைந்தது.